குடோன்காரரின் மாஸ் சீன்

போன மாதம் கல்லூரி மாணவர்களுக்கான இரண்டு நாள் பயிலரங்கு. மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகும் நேரம். தூக்கம் கலைக்க ஒரு கேள்வி போட்டேன்: "சீரியல் பார்த்து விசிலடிக்கத் தோன்றிய காட்சி எது? சினிமாவைச் சொல்லக் கூடாது." பத்துப் பன்னிரண்டு பேராவது ஒரே பெயரைச் சொன்னார்கள். 'தி ஆபீஸ்', அமெரிக்கப் பதிப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் எம்.ஏ. சமூகவியல் படித்தபோது விடுதியில் ஒரே லேப்டாப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்த அதே சீரியல்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீஃபன் மெர்ச்சன்ட்டும் எடுத்த நகைச்சுவைத் தொடரை அமெரிக்காவுக்கு ஏற்றபடி மாற்றியவர் கிரெக் டேனியல்ஸ். 2005 மார்ச் முதல் 2013 மே வரை என்பிசி தொலைக்காட்சியில் 9 சீசன்கள் ஓடியது. பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ரான்டன் நகரம். அங்கே டண்டர் மிஃப்லின் என்ற காகித நிறுவனத்தின் ஒரு கிளை. ஆவணப்படக்காரர்கள் ஊழியர்களைப் படம்பிடிப்பது போன்ற பாணி. மேனேஜர் மைக்கேல் ஸ்காட் வாயைத் திறந்தாலே வம்பு. அந்தக் கட்டடத்தில் மாடியில் ஆபீஸ், கீழே குடோன். நான் பேசப்போவது அந்த மாடிப்படியைப் பற்றித்தான்.

மாணவர்கள் அதிகம் சொன்னவை இரண்டு காட்சிகள். முதலாவது, ரிசப்ஷனில் இருக்கும் பேமின் காட்சி. 2007இல் வந்த 'பீச் கேம்ஸ்' எபிசோட். தனக்கு அடுத்து மேனேஜராக யார் தகுதி என்று கண்டுபிடிக்க மைக்கேல் எல்லோரையும் ஏரிக்கரைக்கு அழைத்துப்போய்ப் போட்டி வைக்கிறார். போட்டியில் பேமுக்கு இடமில்லை, குறிப்பெடுப்பதுதான் அவர் வேலை. தணல்மேல் நடக்கும் கட்டம் வரும்போது ஆளாளுக்குப் பின்வாங்குகிறார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் பேம் தனியாக அந்தத் தணலில் நடந்துவிட்டு, ஓடிவந்து எல்லோர் முன்னாலும் நின்று, இத்தனை நாளாகத் தன்னை யாரும் மதிக்கவில்லை என்பதை முகத்துக்கு நேராகச் சொல்கிறார். என் ஓவியக் கண்காட்சிக்கு ஏன் ஒருவரும் வரவில்லை என்று கேட்கிறார்.

இரண்டாவது, 2009இல் வந்த 'புரோக்' எபிசோட். வேலையை விட்டுப்போய்த் தனிக் கம்பெனி தொடங்கிய மைக்கேல், கையில் காசே இல்லாமல் நொடித்துக் கிடக்கிறார். அது தெரியாத பழைய நிறுவனம், அந்தக் கம்பெனியை வாங்கிக்கொள்ள முதலில் 12,000 டாலர் என்கிறது, பிறகு 60,000 டாலர் என்கிறது. ஊரே கோமாளி என்று நினைத்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, பணம் வேண்டாம், எனக்கும் என்னோடு வந்த இருவருக்கும் வேலை வேண்டும் என்று பேரம் பேசி வெல்கிறார்.

இரண்டுமே எனக்கும் பிடித்த காட்சிகள். பேம் பேசும்போது இன்றும் தொண்டை அடைக்கிறது. கூட்டத்தில் நோட்டும் பேனாவும் கொடுத்து ஓரமாக உட்கார வைக்கப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் அது புரியும்.

"உங்களுக்கு எந்த சீன் அக்கா?" என்று ஒரு மாணவி கேட்டார். டேரில் என்றேன். "அந்த குடோன் ஆளா? அவருக்கு மாஸ் சீனே கிடையாதே" என்றார் இன்னொருவர். அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

டேரில் ஃபில்பின், குடோனின் ஃபோர்மேன். கறுப்பினத்தவர். நடித்தவர் கிரெய்க் ராபின்சன். 2007இல் அடுத்தடுத்து வந்த இரண்டு எபிசோடுகளைப் பாருங்கள். 'தி நெகோஷியேஷன்' எபிசோடில் டேரில் சம்பள உயர்வு கேட்டு வருகிறார். மைக்கேல் எங்கேயோ படித்த பேரத் தந்திரங்களை எல்லாம் அவர்மீது பிரயோகிக்கிறார். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் தன் சம்பளச் சீட்டையே எடுத்துக் காட்டுகிறார். மேனேஜரின் சம்பளம் தன்னுடையதைவிடப் பெரிதாக ஒன்றும் அதிகமில்லை என்று டேரிலுக்குத் தெரிகிறது. கேலி செய்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர், போய் உன் சம்பளத்தைக் கேள் என்று முதலாளியையே உசுப்பிவிட்டு, நியூயார்க் தலைமை அலுவலகம்வரை கூடவே போகிறார். ஏனென்றால் மேலே இருப்பவனின் சம்பளம் உயராமல் தன்னுடையது உயராது என்ற கணக்கு அவருக்குத் தெரியும். தொழிற்சங்க வகுப்பில் ஒரு நாள் முழுக்க நாங்கள் விளக்கும் பாடம் அது.

அடுத்த எபிசோட் 'சேஃப்டி டிரெயினிங்'. மைக்கேல் விளையாட்டாக ஏணியைத் தட்டிவிட்டதால் கீழே விழுந்து, ஊன்றுகோலோடு வருகிறார் டேரில். குடோனில் எந்த இயந்திரம் கையை நசுக்கும், எது உயிரை எடுக்கும் என்று மாடிக்காரர்களுக்கு விளக்குகிறார். உங்கள் வேலையில் என்ன ஆபத்து இருக்கிறது என்ற கேலியைத் தாங்க முடியாத மைக்கேல், ஆபீஸ் வேலையின் மன அழுத்தமும் ஆபத்துதான் என்று நிரூபிக்கக் கூரைமேல் ஏறிவிடுகிறார். குதித்தால் உண்மையிலேயே செத்துவிடுவார் என்ற நிலை. அப்போது கீழே நின்று பேசி அவரை இறக்குவது யார்? அந்த மனிதரால் அடிபட்ட அதே டேரில். நீ நீயாக இருப்பதற்கே எவ்வளவு தைரியம் வேண்டும் என்ற பொருளில் சொல்கிறார். அதில் பாதி கிண்டல், பாதி கருணை. தன்னை முடமாக்கியவனை உயிரோடு இறக்கிக் கொண்டுவருகிறார். பின்னணி இசை கிடையாது, ஸ்லோமோஷன் கிடையாது. அதனால்தான் நம் கண்ணில் அது மாஸ் சீனாகப் பதியவில்லை.

ஆனால் தோழர்களே, டேரில் என்ற தனி மனிதரைவிட முக்கியமான ஒரு காட்சி இந்தத் தொடரில் இருக்கிறது. அதில் யாரும் ஜெயிப்பதில்லை.

2006 பிப்ரவரியில் வந்த 'பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்' எபிசோட். தலைமை அலுவலகத்திலிருந்து ஜேன் என்ற பெண் அதிகாரி வருகிறார். பணியிடத்தில் பெண்கள் முன்னேறுவது பற்றி மாடியில் பெண் ஊழியர்களுக்குப் பயிற்சி நடத்துகிறார். பேமிடம், வடிவமைப்புக் கலை படிக்க நிறுவனமே ஒரு வாய்ப்புத் தருகிறது, எடுத்துக்கொள் என்று ஊக்கம் தருகிறார். அதே நேரத்தில் ஆண்களைக் கூட்டிக்கொண்டு கீழே போன மைக்கேல், குடோனில் அரட்டையடித்து, ஃபோர்க்லிஃப்டை ஓட்டி அலமாரியைச் சாய்த்து, நடுவில் அவர்களின் குறைகளையும் கிளறிவிடுகிறார். பேச்சு சம்பளத்துக்குப் போகிறது, பிறகு சங்கம் வைத்தால் என்ன என்று போகிறது. ஜேன் கீழே இறங்கி வருகிறார். சங்கம் என்று பேசினாலே கிளையை மூட வேண்டியிருக்கும், எல்லோருக்கும் வேலை போகும் என்கிறார். அவ்வளவுதான். சில நிமிடங்களில் ஒரு தொழிற்சங்கம் பிறந்து செத்துவிட்டது. சீரியல் அடுத்த நகைச்சுவைக்குப் போய்விடுகிறது.

மாடியில் பெண் முன்னேற்றம், கீழே மிரட்டல். இரண்டையும் செய்வது ஒரே பெண், ஒரே மதியத்தில். பேமுக்கு நிச்சயிக்கப்பட்டிருக்கும் ராய் அந்தக் குடோனில்தான் வேலை பார்க்கிறார். உத்தரவாதமில்லாத படிப்பு எதற்கு என்று பேமைத் தடுப்பதும் அவர்தான். அது ஆணாதிக்கம் என்று நாம் சரியாகவே சொல்வோம். ஆனால் ஒரு வார்த்தை பேசினாலே வேலை போய்விடும் என்று மிரட்டப்படும் இடத்தில் நிற்கிற மனிதனுக்கு, மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வேறு கனவு காண்பது பைத்தியக்காரத்தனமாகத்தானே தெரியும்? எபிசோட் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்டவில்லை. அதை நாம்தான் போட வேண்டும்.

ஜேன் செய்தது அமெரிக்கச் சட்டத்துக்கு எதிரானது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே 1935இல் வந்த தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், சங்கம் வைக்க நினைப்பவர்களை மிரட்டுவதைத் தடை செய்கிறது. சங்கம் வந்தால் மூடிவிடுவோம் என்பது மிரட்டல்தான் என்று 1969இல் கிஸல் பேக்கிங் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பிறகு எப்படி ஓர் அதிகாரி இவ்வளவு சாவகாசமாக அதைச் சொல்கிறார்? அந்தச் சட்டத்தை மீறும் முதலாளிக்கு அபராதம் கிடையாது. வேலைநீக்கம் செய்தால் நிலுவைச் சம்பளம் தர வேண்டும், அதிலும் இடையில் வேறு இடத்தில் சம்பாதித்ததைக் கழித்துவிடுவார்கள். மிரட்டியதற்கு, இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்ட வேண்டும். இன்னொன்றும் உண்டு: 1935இல் சட்டம் எழுதியபோது விவசாயத் தொழிலாளர்களையும் வீட்டுவேலை செய்பவர்களையும் விலக்கிவிட்டார்கள். அன்றைய தென் மாநிலங்களில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் பார்த்தது அந்த இரண்டு வேலைகளைத்தான். சட்டம் யாருக்கு வாசலைத் திறக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று படிக்கப் பழகியவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது.

சங்கம் முளையிலேயே கிள்ளப்பட்ட பிறகு குடோனுக்கு என்ன ஆனது? டேரிலுக்கு மட்டும் வழி திறக்கிறது. ஆறாவது சீசனில் நிறுவனம் கைமாறுகிறது. புதிய முதலாளி ஜோ பென்னட்டுக்கு அவர் சொன்ன ஒரு யோசனை பிடித்துப்போக, மாடியில் தனி அறை கிடைக்கிறது. நானும் கைதட்டினேன். மைக்கேல் போன பிறகு மேனேஜர் பதவிக்கு டேரில் போட்டியிடுகிறார், நேர்காணலில் கோட்டைவிடுகிறார். பதவி கடைசியில் ஆண்டிக்குப் போகிறது. ஆண்டி வசதியான குடும்பத்துப் பிள்ளை, கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர், விற்பனையில் சுமார்.

2011இல் வந்த 'லாட்டோ' எபிசோடில் டேரில் நேரடியாகவே கேட்கிறார்: எனக்கு ஏன் தரவில்லை? நீ ஒரு கட்டத்தில் முயற்சி செய்வதை நிறுத்திவிட்டாய் என்கிறார் ஆண்டி. டேரிலும் அதை ஏற்றுக்கொள்கிறார். இந்த இடத்தில் எனக்குச் சீரியலோடு சண்டை. ஆண்டி என்ன முயற்சி செய்தார்? கீழிருந்து வருகிறவர் ஒரு வருடம் தளர்ந்தால் அது தகுதிக் குறைவு. மேலே பிறந்தவர் ஆண்டுக்கணக்கில் சுமாராக இருந்தால் அது இயல்பு. தகுதி என்ற சொல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல காட்சி வேண்டாம். ஆனால் அதை எழுதியவர்களே டேரிலுக்குச் சொன்ன அறிவுரையாக முடித்துவிட்டார்கள்.

அதே எபிசோடில் இன்னொன்றும் நடக்கிறது. குடோன் தொழிலாளர்கள் சேர்ந்து வாங்கிய லாட்டரிச் சீட்டுக்குப் பரிசு விழுந்து, மொத்தமாக வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள். லாரியில் சரக்கேற்ற மாடிக்காரர்கள் நான்கு பேர் இறங்கி, பெட்டிகளைத் தூக்கத் தெரியாமல் கோமாளித்தனமான வழிகளைக் கண்டுபிடித்துத் திணறுகிறார்கள். திறன் தேவையில்லாத வேலை என்று ஒன்று கிடையாது என்பதற்கு அது நல்ல சாட்சி. குடோன்காரர்கள் எல்லோரும் ஒன்றாக ஜெயித்த ஒரே தருணம் அதுதான். அதுவும் லாட்டரியால்! உரிமையாகக் கேட்டபோது மிரட்டல் வந்தது, அதிர்ஷ்டமாக வந்தபோதுதான் விடுதலை. ஒரு நகைச்சுவைத் தொடர் தன்னை அறியாமல் சொன்ன மிகக் கசப்பான உண்மை இது.

"காமெடி சீரியலில் போய்த் தொழிற்சங்கத்தைத் தேடுகிறீர்களே" என்று கேட்கலாம். நான் தேடவில்லை, அவர்களே கொண்டுவந்து வைத்தார்கள். பொய்யாக ஜெயிக்க வைக்காமல், நிஜத்தில் எப்படித் தோற்கடிக்கிறார்களோ அப்படியே காட்டினார்கள். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். என் வருத்தம் நம்மைப் பற்றியது. தணலில் நடந்த பேமை நினைவில் வைத்திருக்கிறோம். அதே கட்டடத்தின் கீழே தலைகுனிந்து வேலைக்குத் திரும்பியவர்களை மறந்துவிட்டோம்.

அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரியில் வெளிவந்த 'மூக்நாயக்' முதல் இதழில், இந்துச் சமூகத்தைப் படிக்கட்டே இல்லாத பல மாடிக் கட்டடத்துக்கு ஒப்பிட்டார். பிறந்த மாடியிலேயே சாக வேண்டியதுதான். ஸ்க்ரான்டன் கட்டடம் அப்படியல்ல. நிறமும் வர்க்கமும் சாதியும் ஒன்றல்ல, போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே படிக்கட்டு இருக்கிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏறும் அகலம்தான். அப்படி ஒருவர் ஏறியதும் கேமராவும் அவரோடு ஏறிவிடுகிறது. கீழே இருப்பவர்கள் பின்னணியாகிவிடுகிறார்கள்.

நம்மில் பலர் அப்படி ஏறிவந்தவர்கள்தான். வீட்டில் முதல் பட்டதாரி, தெருவில் முதல் அரசு வேலை. அந்தக் கைதட்டல் நமக்கு வேண்டும், குற்ற உணர்ச்சி தேவையில்லை. டேரில் மாடி ஏறியதற்கு நான் இப்போதும் விசிலடிப்பேன். கூடவே அந்த மாணவரிடம் அன்று சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன். அடுத்த முறை 'பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்' பார்க்கும்போது, ஜேன் பேசி முடித்ததும் ஒரு நிமிடம் நிறுத்திவைத்து, பேச்சை விழுங்கி நிற்கும் அந்த முகங்களைப் பாருங்கள். அங்கே ஒரு மாஸ் சீன் வந்திருக்க வேண்டும். வரவிடாமல் தடுத்தது என்ன என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த பயிலரங்கை அங்கிருந்து தொடங்கலாம்.