முந்தானையின் மறுபக்கம்

காஞ்சிபுரத்தில் சேலை வாங்க வரும் வெளியூர்க்காரர் முந்தானையின் முகப்பைக் கண்டு மயங்குவார். விவரம் அறிந்த உள்ளூர்க்காரரோ சேலையைப் புரட்டி, கரையும் உடலும் கோர்வையில் இணையும் இடத்தைப் பார்ப்பார். ஐயம் தீராவிட்டால் ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்துவார். பட்டு, மயிர் கருகும் நாற்றத்துடன் பொடியாகும். செயற்கை இழை உருகி மணியாய்த் திரளும். புவிசார் குறியீடு கிடைத்து இருபது ஆண்டுகளாகியும் இச்சோதனைகளுக்கு ஓய்வில்லை. பெயர் பெற்ற பொருளுக்குத்தானே போலி உண்டாகும்?

அவ்வூரில் நான்கு தறி வைத்திருக்கும் எங்கள் நண்பர் ஒருவருக்கு, அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. மாலைக்குள் விவரங்களைப் புதுப்பிக்காவிடில் கணக்கு முடக்கப்படும் என்றது அது. அதிலிருந்த சுட்டியைத் தொட்டார், கடவுச்சொல்லைக் கொடுத்தார், கைபேசிக்கு வந்த ஓடிபியையும் கொடுத்தார். நெசவாளர்களின் கூலிப் பணம் போயிற்று. பட்டில் போலியை நொடியில் பிடிப்பவர் அவர்!

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு ஒரு செருக்கு உண்டு. மோசடிக் கடிதத்தை அதன் கொச்சை நடையும் எழுத்துப்பிழையும் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பி வந்தோம். அக்காலம் முடிந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவின் துணையோடு இன்று மோசடிக்காரனும் பிழையின்றி எழுதுகிறான். நடை இனிச் சான்றாகாது. அனுப்புநர் பெயரும் சான்றன்று. அங்கே எவரும் எப்பெயரையும் இட்டுக்கொள்ளலாம்.

எனவே புரட்டித்தான் பார்க்க வேண்டும். இணைய முகவரியை, முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியில், வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகுவோம். வங்கியின் பெயர் முகப்பில் பளபளக்கலாம். உடைமையாளர் யாரென்று சொல்வது வலக்கோடிதான். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என முடியும் முகவரிக்கு மாறவேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது இதற்காகவே. இதையும்விட எளிய வழி, மின்னஞ்சலில் வந்த சுட்டியைத் தொடாமல், முகவரியை நாமே தட்டச்சு செய்வது. அல்லது கிளைக்கே சென்று கேட்பது. அவசரப்படுத்தும் கடிதத்துக்கு அவசரப்படாதிருப்பதே முதல் காப்பு.

ஆயினும் எங்களை மிகவும் வருத்தியது வேறொன்று. நண்பர் ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. "ஏமாந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?" என்றார். 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவித்திருந்தால், பணம் கைமாறும் வழியிலேயே அதை முடக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அந்த வாய்ப்பைப் பறித்தது திருடனல்லன். நம் ஏளனத்துக்கு அவர் கொண்ட அச்சம். போலிப் பட்டு வாங்கி ஏமாந்தவரிடம் 'கடைக்காரன் யார்?' என்று கேட்கும் நாம், மின்னஞ்சலில் ஏமாந்தவரிடம் மட்டும் 'உனக்கு அறிவில்லையா?' என்று கேட்கிறோம். இந்தக் கேள்வியை நாம் கைவிடாதவரை, மோசடிக்காரனுக்கு நாமும் கூட்டாளிகளே.