கட்டுச்சாதமும் தவக்குலும்



உம்ராவிற்குப் புறப்படும் குழுக்களை வழியனுப்பும் காட்சியை இன்று நம் ஊர்களில் அடிக்கடி காண்கிறோம். பள்ளிவாசல் வாயிலில் துஆ ஓதி, கண்ணீர் மல்கக் கைகொடுத்து, உற்றாரும் உறவினரும் அவர்களை அனுப்பி வைக்கின்றனர். பாஸ்போர்ட் உண்டா, விசா வந்ததா, இஹ்ராம் துணி எடுத்தாயிற்றா என்றெல்லாம் கேட்பவர்கள் பலர். ஆனால் “கைச்செலவுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? அதை எப்படிப் பங்கிடப் போகிறீர்கள்?” என்று கேட்பவர் அரிதினும் அரிது. இறை இல்லத்திற்குப் போகிறவரிடம் காசைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணம் தவறு என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதையே இவ்வாரம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

2012-ஆம் ஆண்டில் 32 பேர் கொண்ட ஓர் உம்ராக் குழுவிற்கு வழிகாட்டியாகச் சென்றிருந்தேன். காலை உணவும் இரவு உணவும் பயணக் கட்டணத்தில் அடக்கம். பகல் உணவு அவரவர் பொறுப்பு. புறப்படுமுன் நடந்த கூட்டத்தில் தவாபு செய்யும் முறையைச் சொன்னேன். சஃயு செய்யும் முறையைச் சொன்னேன். தல்பியாவைப் பலமுறை ஓதிக் காட்டினேன். செலவைப் பற்றி ஒருவர் கேட்டபோது, “அல்லாஹ்வின் வீட்டிற்குப் போகிறோம்; அங்கே யாரும் பட்டினி கிடந்ததில்லை; காசைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்” என்று பதில் சொல்லி, அடுத்த விஷயத்திற்குப் போய்விட்டேன்.

அக்குழுவில் எழுபது வயதை நெருங்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். மக்கா சென்ற நான்காம் நாள் பகலில் சாப்பிட அழைத்தபோது, “நஃபில் நோன்பு வைத்திருக்கிறேன் ஹஜ்ரத்” என்றார். மகிழ்ந்தேன். ஐந்தாம் நாளும் அதே பதில். ஆறாம் நாளும் அதே பதில். ஏழாம் நாள் அஸருக்குப் பின் விடுதியின் படிக்கட்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அவர் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்பவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவரைத் தனியே அமர்த்தி, “பெரியத்தா, உண்மையைச் சொல்லுங்கள்” என்று வற்புறுத்தினேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். ஊரிலிருந்து பதினொரு வீட்டார் கொடுத்த பட்டியல் அவரிடம் இருந்தது. முஸல்லா, அத்தர், தஸ்பீஹ் மணி, பேத்திமாருக்குப் புர்கா என்று முதல் மூன்று நாளிலேயே கையிலிருந்த பணம் கரைந்துவிட்டது. “கேட்டிருக்கலாமே?” என்றேன். “இங்கே வந்து கை நீட்டினால் உம்ராவின் நன்மை போய்விடுமோ என்று பயந்தேன் ஹஜ்ரத். நீங்களும் கவலைப்பட வேண்டாம் என்று சொன்னீர்களே!” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் இன்றும் என் நெஞ்சில் முள்ளாய்க் குத்துகிறது. தவக்குல் என்ற உயர்ந்த சொல்லை, கணக்குப் பார்ப்பதைத் தவிர்க்க ஒரு திரையாக நான் பயன்படுத்தியிருந்தேன். அதற்குரிய விலையை அந்த முதியவர் தம் வயிற்றால் செலுத்திக்கொண்டிருந்தார்.

மார்க்கம் அப்படியா கற்றுத் தந்தது? இல்லவே இல்லை. திருமறையின் அல்பகரா அத்தியாயம் 197-ஆம் வசனம் ஹஜ்ஜைப் பற்றிப் பேசும் இடத்திலேயே, பயணத்திற்குரிய கட்டுச்சாதத்தைத் தேடி வைத்துக்கொள்ளும்படி கட்டளையிடுகிறது. அதனோடு இறையச்சமே மேலான கட்டுச்சாதம் என்றும் அறிவிக்கிறது. இவ்வசனம் இறங்கிய பின்னணியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள். யமன் நாட்டிலிருந்து சிலர் எந்த ஏற்பாடும் இன்றி ஹஜ்ஜுக்கு வருவார்கள்; தாங்கள் இறைவனையே நம்பி வந்தவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்; மக்கா வந்து சேர்ந்ததும் மக்களிடம் யாசிப்பார்கள். அந்தப் போலித் தவக்குலைக் கண்டித்தே அவ்வசனம் இறங்கிற்று. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவனை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பு என்ற பொருளில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதைத் திர்மிதியில் காண்கிறோம். ஆகவே கணக்குப் போடுவது ஈமானின் குறைவு அன்று. ஈமான் நமக்கு இட்ட கடமைகளுள் ஒன்று.

அன்றைய பயணங்களில் இந்தக் கணக்கை ஓரளவு அரசும் அமைப்புகளும் நமக்காகப் போட்டு வைத்தன. 1959-ஆம் ஆண்டில் இந்திய ரிசர்வ் வங்கி ஹஜ்ஜுப் பயணிகளுக்கென்றே 10 ரூபாய், 100 ரூபாய்த் தாள்களைத் தனியாக அச்சிட்டு வழங்கியது. பயணிகள் அவற்றைச் சவூதியில் கொடுத்து ரியாலாக மாற்றிக்கொண்டனர். பம்பாயிலிருந்து கப்பலேறிய நம் பாட்டன்மார் அரிசியையும் பருப்பையும் ஊறுகாயையும் மூட்டை கட்டிச் சென்றனர். கப்பல் பயணம் 1995-ஆம் ஆண்டோடு நின்றது. பின்னர், இந்திய ஹஜ் கமிட்டி வழியாகச் சென்றவர்களுக்கு, அவர்கள் கட்டிய தொகையிலிருந்தே 2,100 ரியால் புறப்படும் இடத்தில் பல ஆண்டுகள் கையில் கொடுக்கப்பட்டு வந்தது. 2023-ஆம் ஆண்டு ஹஜ்ஜிலிருந்து அந்த ஏற்பாடும் நிறுத்தப்பட்டது. உம்ராவிற்கோ அப்படி ஓர் ஏற்பாடு என்றுமே இருந்ததில்லை. ஆக, இன்று ஒவ்வொரு பயணியும் தம் கைச்செலவைத் தாமே திட்டமிட்டாக வேண்டும்.

எப்படித் திட்டமிடுவது? நான் பிற்காலக் குழுக்களுக்குச் சொல்லிவரும் முறையை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவதாக, கணக்கு வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். பயணத்திற்கு வசதி என்று மார்க்கச் சட்ட நூல்கள் கூறுவது பயணியின் செலவை மட்டுமன்று. அவர் திரும்பி வரும்வரை அவரை நம்பியிருப்போரின் உணவும் தேவையும் அதில் அடக்கம். மனைவி மக்களைக் கடைக்காரரிடம் கடன் சொல்ல விட்டுவிட்டு, இங்கே ஏழை எளியோருக்கு ஸதகா கொடுத்துப் பயனில்லை. திருப்பிக் கேட்கப்படும் கடனைத் தீர்த்துவிட்டு, அல்லது கடன் கொடுத்தவரின் சம்மதத்தைப் பெற்றுக்கொண்டு புறப்படுங்கள்.

இரண்டாவதாக, பயண ஏற்பாட்டாளரிடம் எவை கட்டணத்தில் அடக்கம், எவை அடக்கமில்லை என்பதை எழுத்தில் கேளுங்கள். எத்தனை வேளை உணவு? விடுதிக்கும் ஹரமுக்கும் இடையே எவ்வளவு தூரம், வாகனம் உண்டா? ஸியாரத்து இடங்களுக்குச் செல்லும் பேருந்து யார் செலவு? நடக்க இயலாதவருக்குச் சக்கர நாற்காலி யார் செலவு? இவற்றைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். வாங்கல் கொடுக்கலை எழுதி வைக்கச் சொன்ன நீண்ட வசனம் நம் திருமறையில்தான் இருக்கிறது. வெளிநாட்டுப் பயணக் கட்டணத்தோடு நம் அரசு முன்கூட்டிப் பிடிக்கும் வரிக்கும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, கைப்பணத்தைப் புறப்படுமுன்பே ஐந்து உறைகளாகப் பிரியுங்கள். ஓர் எடுத்துக்காட்டுக்கு, 15 நாள் பயணத்திற்கு 1,500 ரியால் கொண்டு செல்வதாக வைத்துக்கொள்வோம். ரியால் ஒன்றுக்கு 24 ரூபாய் என்று கொண்டால், இது 36,000 ரூபாய். போக வர இரண்டு நாள் நீங்கலாக 13 நாளுக்குப் பகல் உணவிற்கும் தேநீருக்கும் நாளொன்றுக்கு 25 ரியால் வீதம் 325. முடி களைதல், சலவை, தொலைபேசி, உள்ளூர் வாகனம் ஆகியவற்றிற்கு 200. ஸதகாவிற்கு 100. அன்பளிப்புகளுக்கு 375. எஞ்சிய 500 அவசரத்திற்கு. இவை சந்தை விலைகள் அல்ல. பங்கிடும் முறையைக் காட்டவே சொன்னேன். உங்கள் வசதிக்கேற்பத் தொகை கூடலாம், குறையலாம். உறைகள் மட்டும் குறையக்கூடாது.

இவற்றுள் அவசர உறை கடைசி நாள்வரை திறக்கப்படாமல் இருக்க வேண்டும். நோய் வரலாம், பெட்டி தவறலாம், விமானம் தாமதமாகலாம். அத்துடன், இஹ்ராமுடைய வாஜிபு ஒன்று தவறிப்போனால் தம் கொடுக்க வேண்டிய நிலையும் வரலாம். அப்போது ஓர் ஆட்டின் விலைக்கு யார் முகத்தைப் பார்ப்பீர்கள்? இந்த உறையை மற்றப் பணத்தோடு சேர்க்காமல் வேறிடத்தில் வையுங்கள். ஒரே பையில் வைத்த பணம் ஒரே நொடியில் தொலையும்.

அன்பளிப்பு உறையைக் கடைசி இரண்டு நாட்களுக்குமுன் தொடாதீர்கள். உறவினர்களுக்கு ஒன்று சொல்வேன்: பயணியிடம் பட்டியல் கொடுக்காதீர்கள். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது துஆ ஒன்றுதான். மதீனாவின் பேரீத்தம்பழம் நான்கும் ஜம்ஜம் நீர் ஒரு மிடறும் எந்த அன்பளிப்புக்கும் குறைந்தவை அல்ல. நீங்கள் கேட்ட புர்காவிற்குள் ஒரு முதியவரின் ஏழு வேளைப் பசி இருக்கக்கூடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நான்காவதாக, பணத்தை முறையான உரிமம் பெற்ற இடத்தில் ரசீதோடு மாற்றுங்கள். பெரிய தாள்களாக மட்டும் வாங்காமல் 5, 10, 50 ரியால் தாள்களையும் கேட்டு வாங்குங்கள். அட்டையைப் பயன்படுத்துவோர் ஒவ்வொரு முறைக்கும் வங்கி பிடிக்கும் கட்டணத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். 2020-ஆம் ஆண்டு ஜூலை முதல் சவூதியில் மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இனி, குழுவாகச் செல்வோருக்கென்று ஒரு தனி ஒழுங்கு உண்டு. மூவர் பயணம் செய்தாலும் ஒருவரை அமீராக்கிக்கொள்ளும்படி எம்பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததை அபூதாவூத் அறிவிக்கிறது. அமீரின் வேலை கொடி பிடித்து முன்னே நடப்பது மட்டுமன்று. கடற்கரை நோக்கி அனுப்பப்பட்ட முந்நூறு பேர் கொண்ட படைக்கு அபூஉபைதா (ரலி) அவர்கள் தலைவராக இருந்தார்கள். வழியில் உணவு குறைந்தது. உடனே அனைவரிடமும் இருந்ததை ஒன்று திரட்டினார்கள்; அது இரண்டு பை பேரீத்தம்பழமே தேறிற்று. அதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பங்கிட்டு, இறுதியில் ஆளுக்கொரு பழம் என்னும் நிலைவரை கொண்டு சென்றார்கள். ஒரு பழம் எதற்குப் போதும் என்று ஜாபிர் (ரலி) அவர்களிடம் பின்னாளில் கேட்டபோது, அதுவும் தீர்ந்தபின்தான் அதன் அருமை தெரிந்தது என்று பதிலளித்தார்கள். புகாரியின் கூட்டுப் பங்கு பற்றிய பாகத்திலேயே இச்செய்தி இடம்பெற்றிருக்கிறது. அதே பாகத்தில், உணவு குறையும்போது இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் அஷ்அரீ குலத்தாரை நபியவர்கள் தம்மவர் என்று பாராட்டியதும் காணக் கிடக்கிறது.

இந்த முன்மாதிரியைக் கொண்டு ஒவ்வொரு குழுவும் ஒரு பொதுப் பை வைத்துக்கொள்ளலாம். 20 பேர் ஆளுக்கு 100 ரியால் போட்டால் 2,000 ரியால் சேரும். தண்ணீர், பழம், பொது வாகனம், சுமை தூக்குபவர் கூலி ஆகியவற்றை அதிலிருந்து கொடுக்கலாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொருவரும் மனமொப்பித் தர வேண்டும். எவை பொதுச் செலவு என்பது புறப்படுமுன் முடிவாக வேண்டும். இரவுதோறும் கணக்கை எழுதி அனைவருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். மீதியைச் சமமாகத் திருப்பித் தர வேண்டும். அமீர் எவ்வளவு நல்லவராயினும் கணக்குக் காட்டுவதிலிருந்து அவருக்கு விலக்கில்லை.

குழுவிலுள்ள வசதி படைத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “இன்றிரவு எல்லோரும் பெரிய ஓட்டலில் மந்தி சாப்பிடலாம், ஆளுக்கு இவ்வளவு” என்று சபையில் முழங்காதீர்கள். வர இயலாதவர் தலைவலி என்று சொல்லி அறையில் படுத்துக்கொள்வார். உங்களுக்கு விருந்தளிக்க ஆசையிருந்தால் எல்லோருக்கும் உங்கள் செலவிலேயே அளியுங்கள். இல்லையேல் எளிமையாக உண்ணுங்கள். வீண்விரயம் செய்வோரை ஷைத்தான்களின் சகோதரர் என்று இறைமறை கூறுவது ஹரமின் எல்லைக்குள்ளும் பொருந்தும். கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்வதும், முற்றாக விரித்துவிடுவதும் ஆகாதென்று அதே அத்தியாயம் நடுவழியைக் காட்டுவதும் அங்கே பொருந்தும்.

அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். குழுவில் நால்வர் உதவ முன்வந்தனர். அன்பளிப்பாக ஏற்க அவர் மறுத்துவிட்டார். கடனாக எழுதிக்கொடுத்து, இருவர் சாட்சியோடு 300 ரியால் கொடுத்தோம். எஞ்சிய நாட்களில் பகலுணவு உண்டார். மாத்திரையை வேளை தவறாமல் உட்கொண்டார். மூன்று தவாபுகள் கூடுதலாகச் செய்தார். ஊர் திரும்பிய ஒரே வாரத்தில் கடனைத் திருப்பி அனுப்பிவிட்டார். சில ஆண்டுகளில் அவர் இறையடி சேர்ந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே மன்னித்தார். ஆனால் அன்றிலிருந்து என் வழியனுப்புக் கூட்டங்களில் தல்பியாவைக் கற்றுக்கொடுக்கும் முன்பாகவே, ஒவ்வொருவர் கையிலும் ஐந்து காகித உறைகளைக் கொடுத்துவிடுகிறேன்.

பயணம் புறப்படும் அன்பர்களே! இறையச்சத்தை நெஞ்சிலும், கட்டுச்சாதத்தைப் பையிலும் நிரப்பிக்கொண்டு செல்லுங்கள். எவரிடமும் கை நீட்டாத கண்ணியத்தோடு அந்த வீட்டைத் தரிசித்து, அந்த வீட்டின் நாயனிடம் மட்டுமே கையேந்தும் பேற்றை வல்ல அல்லாஹ் உங்களுக்கும் எனக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.