கடலுக்கடியில் 200 ஆண்டு உறங்கிய ஈஸ்ட்!

விழுப்புரம் மாவட்டத்தில் பனைமரத்துக்குப் பஞ்சம் இல்லை. முகையூர்ப் பக்கமும் அப்படித்தான். பாளையைச் சீவினால் சாறு சொட்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள்!

இந்த வேலையைச் செய்வது எது? ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். அது சர்க்கரையைத் தின்னும். சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியே விடும். கள் நுரைப்பதும், பீர் பொங்குவதும், ரொட்டி உப்புவதும் இதனால்தான். சுண்ணாம்பு அதைத் தலையெடுக்க விடாது.

சரி, இந்த உயிருக்கு ஆயுள் எவ்வளவு?

கல்கத்தா கப்பல்

1796 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து "சிட்னி கோவ்" என்ற கப்பல் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. சரக்கில் மது வகைகளும் இருந்தன. மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர். வழியில் கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தது. 1797 பிப்ரவரியில் டாஸ்மேனியாவுக்கு அருகே ஒரு தீவில் தரை தட்டியது. உதவி தேடிப் படகில் போனவர்கள் 17 பேர். அந்தப் படகும் உடைந்தது. பல நூறு மைல் நடந்து சிட்னி சேர்ந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் இந்திய மாலுமி. பாவம், அவர் பட்ட பாட்டை யார் எழுதி வைத்தார்கள்?

கப்பலோடு மூழ்கிய பீர் பாட்டில்களைப் பிற்காலத்தில் முக்குளிப்போர் எடுத்தார்கள். லான்செஸ்டன் நகரக் காட்சிசாலையில் வைத்தார்கள். அந்தப் பழைய பீரில் உயிருள்ள ஈஸ்ட் இருந்தது! இனிப்புக் கரைசல் ஊட்டி வளர்த்தார்கள். 2018-ல் அதைக்கொண்டு காய்ச்சிய பீர் விற்பனைக்கே வந்துவிட்டது.

இரை இல்லாவிட்டால் ஈஸ்ட் தன் வேலையை நிறுத்திக்கொண்டு முடங்கிக் கிடக்கும். குளிரும் இருட்டும் அதற்கு நல்லது. நாள்பட நாள்பட முக்கால்வாசிக்கு மேல் செத்துவிடும். நாலைந்து பிழைத்தாலும் போதும். வெதுவெதுப்பும் சர்க்கரையும் கிடைத்தால் பெருகிவிடும். பழைய மாவு ஒரு கரண்டி விட்டால் புது மாவு பொங்குவதில்லையா?

வீட்டில் செய்யலாமா?

கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது குற்றம். 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் தடை. பக்கத்துப் புதுச்சேரியிலும் கேரளத்திலும் கள்ளுக்கடை உண்டு. அதைக் காட்டித்தான் இங்குள்ள விவசாயிகள் தடையை நீக்கக் கேட்கிறார்கள்.

"கள்ளச் சாராயச் சாவு போதாதா, கள் வேறா?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. ஆனால் 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிர் குடித்தது மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். மெத்தனால் தொழிற்சாலைப் பொருள். பனஞ்சாற்றுச் சர்க்கரையிலிருந்து ஈஸ்ட் அதை உண்டாக்குவதில்லை. அதற்காகக் கள் மோர் ஆகிவிடாது. அதிலும் போதை உண்டு. குடும்பத்தைக் கெடுக்கவும் செய்யும். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், மெத்தனால் விற்றவனுக்குத்தான் லாபம்.

தடை நீடித்தால் கள் ஈஸ்ட் அழிந்துவிடுமோ? அந்தப் பயம் வேண்டாம். ஈஸ்ட் வகைகளை உலர்த்திக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வைக்கச் சண்டிகரில் 1986 முதல் அரசு நிலையம் இருக்கிறது. குறைந்து வருவது பனை ஏறுகிறவர்கள். பதநீர் இறக்க அனுமதி உண்டு. ஏறத்தான் ஆள் இல்லை.