பாரிசில் ஒரு பொம்மைக் கப்பல்

குழந்தைகளோடு பாரிஸ் போனால் ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும் என்பேன். நாங்களும் ஈஃபில் கோபுரம், லூவர் என்று பட்டியலோடுதான் கிளம்பினோம். 1612-ல் உருவாக்கத் தொடங்கிய லக்சம்பர்க் தோட்டத்தில், குளத்தைக் கண்டதும் பேத்தி நின்றுவிட்டாள். அங்கே பாய்மரப் பொம்மைக் கப்பலும் ஒரு குச்சியும் வாடகைக்குத் தருகிறார்கள். கரை ஒதுங்கும் கப்பலைக் குச்சியால் தள்ளிவிட்டால் போதும், மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

மகன் கடிகாரத்தைப் பார்த்தான். "விடுப்பா, விளையாடட்டும்" என்றேன்.

அன்று லூவர் பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. "என்னை இப்படி எங்கேயும் நிற்கவிட்டதில்லையே அப்பா" என்று மகன் சிரித்தபடி சொன்னான். உண்மைதான். நேரமாச்சு, நேரமாச்சு என்றே அவனை வளர்த்துவிட்டேன். அந்த வருத்தம்தான் இன்னும் இருக்கிறது.