கை கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்லுங்கள்!

தொழுநோய் கண்டவனை "முன்ஜென்மப் பாவம்" என்று ஊர் ஒதுக்குகிறது. பாவமுமில்லை, சாபமுமில்லை, அது ஒரு கிருமி. நெருக்கியடித்து வாழும் குடிசையும் அரைவயிற்றுக் கஞ்சியும் அதற்குத் துணை.

கிருமி புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. 100-க்கு 95 பேரின் உடல் அதை விரட்டிவிடுகிறது. மீதிப் பேருக்கு என்ன நேர்கிறது? நம் ரத்தத்தில் காவல் அணுக்கள் உண்டு. சிலருக்கு அந்தக் காவல், இந்த ஒரு திருடனை மட்டும் கண்டுகொள்வதில்லை. கிருமி உடலெங்கும் பெருகுகிறது. வேறு சிலருக்குக் காவல் விழிக்கிறது. ஆனால் திருடனை அடிக்கிற அடியில் நரம்பும் நசிகிறது. கை மரத்து விரல் மடங்குவது இப்படித்தான். காவல் விழிக்கவும் வேண்டும், அளவோடு நிற்கவும் வேண்டும்.

இந்தப் பிரச்னையைக் கையிலெடுத்தவர் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகப் பேராசிரியர் ஜி.பி. தல்வார். தொழுநோய்க் கிருமியின் சாயலுள்ள, தீங்கற்ற வேறொரு கிருமியைத் தேடிப் பிடித்தார். அதைக் கொன்று ஊசியாகப் போட்டால், தூங்கும் காவல் உண்மைத் திருடனையும் அடையாளம் காணும் என்பது அவர் கணக்கு. மாத்திரையோடு ஊசியும் பெற்ற நோயாளிகளுக்குக் கிருமி விரைவில் குறைந்தது.

நோயில்லாதவரை அது காக்குமா? 1991-ல் செங்கற்பட்டுப் பகுதியில் பல ஊசிகளை ஒப்பிடும் சோதனை துவங்கியது. 1,71,400 பேர் கை நீட்டினார்கள். 1998-ல் முடிவு வந்தது. தல்வாரின் ஊசி தந்த பாதுகாப்பு 25.7 சதவீதம், பம்பாய் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் ஊசி 65.5 சதவீதம். குறைந்ததையும் கூடியதையும் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதுவே விஞ்ஞானத்தின் நேர்மை.

அப்புறம்? அந்த 65 சதவீத ஊசி ஊர் ஊராக வந்ததா? இல்லை! ஏழையின் வியாதியில் லாபமில்லை, கம்பெனி வராது. சர்க்காருமா வரக்கூடாது? 2005 முடிவில், 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது, பொதுச் சுகாதாரப் பிரச்னை தீர்ந்தது என்றார்கள். ஆனால் 2023-ல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட சுமார் 1,82,000 பேரில் 1 லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியர்கள்!

சோதனைக்குக் கை கொடுத்த ஜனங்களுக்குப் பலனைக் கேட்கும் உரிமை உண்டு. கேட்போம்.

அதுவரை ஒரு வார்த்தை, தோழர்களே! உணர்ச்சியற்ற தேமல் கண்டால் மறைக்காதீர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். 6 மாதம் அல்லது 12 மாதத்தில் குணமாகும். பக்கத்து மெஷின்காரருக்கு வந்தால் ஒதுக்காதீர்கள். கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.