தோழி இல்லாத களவு

சில திங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், பல்லாண்டுகளுக்கு முன்னர் என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி என்னைக் காண வந்தாள். அகவை இருபத்தெட்டு. சிங்கப்பூரில் பொறுப்புள்ள பணியில் இருப்பவள். நலம் கேட்டுத் தேநீர் அருந்திய பின், சற்றுத் தயங்கித் தன் கைப்பேசியை என்முன் நீட்டினாள். "ஐயா, இதில் என்னைப் பற்றி மூன்று வரி எழுத வேண்டும். இரண்டு நாளாக முயல்கிறேன், எழுத வரவில்லை. நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்," என்றாள். அது ஒரு டேட்டிங் செயலி. அன்றுதான் அவள் அதில் சேர்ந்திருந்தாள்.

என் முதல் எண்ணத்தை மறைக்க விரும்பவில்லை. ஏச வேண்டும் என்றுதான் தோன்றியது. "இதற்காகவா உனக்குத் தமிழ் கற்பித்தேன்?" என்னும் சொற்கள் நாவின் நுனிவரை வந்துவிட்டன. ஆயினும், அடுத்த கணமே வேறொரு வினா என்னைச் சுட்டது. பத்தாண்டுகள் நம்மிடம் கட்டுரை எழுதியவள் இவள். மழைநாளைப் பற்றி எழுதினாள். நாணயம் தன் கதை கூறுவதாக எழுதினாள். அவ்வளவும் எழுதியவளுக்குத் தன்னைப் பற்றி உண்மையாக மூன்று வரி எழுத வரவில்லை என்றால், குற்றம் யாருடையது? செயலியினுடையதா? கற்பித்த நம்முடையதா?

இந்த வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. டேட்டிங் செயலி நல்லதா தீயதா என்று பட்டிமன்றம் நடத்துவது என் நோக்கமன்று. அதனுள் நம் இளையோர் நுழைந்துவிட்டனர். நுழைகின்ற முதல் நாளில் அவர்களுக்குத் துணை நிற்பவர் யார் என்பதே என் கேள்வி.

ஏசுவோர் தரப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். "பண்பாடு அழிகிறது, பெற்றோர் பார்த்து வைக்கும் மரபு குலைகிறது" என்பது அவர்கள் வாதம். ஆனால், அந்த மரபு தொண்ணூறுகளின் இறுதியிலேயே கணினிக்குள் குடிபுகுந்துவிட்டதை அவர்கள் ஏனோ மறந்துவிடுகின்றனர். திருமணத் தகவல் தளங்களில் மகனின் படத்தையும் சம்பளத்தையும் பதிவு செய்யும் பெற்றோர் நம்மிடையே எத்தனை பேர்! அத்தளங்களில் சாதிக்கென ஒரு கட்டம் உண்டு. அதனைத் தயங்காமல் நிரப்புகிற கை, மகள் தானே ஒரு செயலியைத் திறந்தால் மட்டும் நடுங்குவானேன்? முன்னது மரபு, பின்னது சீரழிவு என்பது எவ்வகை நீதி? கருவி ஒன்றே, நிரப்புகிறவர்தாம் வேறு. உண்மையில் அவர்களை உறுத்துவது செயலி அன்று. தேர்வு செய்யும் உரிமை கைமாறிப்போனதுதான்.

அரசாங்கமே இணை சேர்க்கும் பணியில் இறங்கிய நாடு சிங்கப்பூர் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். பட்டம் பெற்ற ஆண்களும் பெண்களும் சந்தித்துப் பழகுவதற்காக 1984ஆம் ஆண்டில் சமூக மேம்பாட்டுப் பிரிவு தொடங்கப்பட்டது. மறு ஆண்டு, பட்டம் பெறாதோர்க்கும் தனியே ஓர் அமைப்பு உருவாயிற்று. 2009இல் இரண்டும் இணைக்கப்பட்டன. அந்நாளில் அதனை எள்ளி நகையாடியவர் பலர். ஆயினும், இணை தேடுவதற்கு ஒருவர் உதவி நாடுவது இழிவன்று என்பதை அம்முயற்சி ஏற்றுக்கொண்டது. அன்று விருந்தும் படகுப் பயணமும் செய்ய முயன்றதை இன்று கைப்பேசி செய்ய முயல்கிறது.

ஆகவே செயலியைப் போற்றிப் பாட வேண்டும் என்று நான் கூறுவதாக எண்ணிவிடாதீர்கள். "இது விடுதலை, இனி இடைத்தரகர் இல்லை" என்று முழங்குவோர்க்கும் எனக்கு மறுமொழி உண்டு. இடைத்தரகர் ஒழியவில்லை. வெற்றிலைப் பையோடு வந்தவர் போய், மாதச் சந்தாவோடு வந்திருக்கிறார். அவ்வளவுதான்.

அது இயங்கும் முறையைப் பாருங்கள். 2012இல் அமெரிக்காவில் தோன்றிய டிண்டர், முகங்களைச் சீட்டுக்கட்டுப் போல் அடுக்கியது. வலப்பக்கம் தள்ளினால் விருப்பம். இடப்பக்கம் தள்ளினால் மறுப்பு. இருவரும் ஒருவரையொருவர் வலப்பக்கம் தள்ளினால் பொருத்தம். அதன் பின்னரே பேச்சு. 2014இல் வந்த பம்பிள், ஆணும் பெண்ணும் பொருந்தும்போது பெண்ணே முதற்சொல் எழுத வேண்டும் என விதித்தது. 2024இல் அவ்விதியைத் தளர்த்தி, பெண் முன்கூட்டியே ஒரு கேள்வியை வைத்துவிட்டால் ஆண் அதற்கு விடை எழுதித் தொடங்கலாம் என்றாக்கியது. ஹிஞ்ச் என்னும் செயலியோ படங்களோடு மூன்று கேள்விகளுக்குச் சிறு விடைகளும் கேட்கிறது. அதன் பொருத்தக் கணக்கு, 1962இல் கேல், ஷேப்லி என்னும் இரு கணித அறிஞர்கள் வகுத்த நிலையான இணைவு முறையைத் தழுவியது. அம்முறைக்கு அடிப்படையாக அமைந்த ஆய்வுக்காக ஷேப்லி 2012இல் பொருளியலுக்கான நோபெல் பரிசையும் பெற்றார்.

கணிதம் குற்றமற்றது. ஆனால் கணிதத்தை ஆள்வது வணிகம். திருமணம் முடிந்தால் பழைய தரகருக்குக் கூலி கிடைக்கும். செயலிக்கோ, தேடல் தொடரும் வரைதான் சந்தா. தேடி அடைந்தவர் போய்விடுவார்; தேடிக்கொண்டே இருப்பவரே நிலையான வாடிக்கையாளர். இந்த முரண்பாட்டை முதல் நாளிலேயே அறிந்துகொள்ளாத இளைஞன், இரவு இரண்டு மணி வரை முகங்களைத் தள்ளிக்கொண்டிருப்பான். பொருத்தம் அமையாத நாளில் குறை தன் முகத்தில் என்று நம்பிவிடுவான். குறை முகத்திலன்று. முகத்தை மட்டும் காட்டும் முறையில்தான் இருக்கிறது.

இங்கேதான் தமிழாசிரியர்களாகிய நம் கையில் இருக்கும் செல்வம் நினைவுக்கு வருகிறது. தலைவனுக்கும் தலைவிக்கும் ஒத்திருக்க வேண்டியவை எனத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் பத்தினைக் கூறுகிறது. அவற்றுள் பிறப்பு, குடிமை, திரு என்பவை இக்காலத்தில் நாம் ஏற்கத் தயங்க வேண்டியவை. அவற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவோர்தாம் முற்கூறிய கட்டத்தை நிரப்புகின்றனர். உருவும் பத்தில் ஒன்று, ஒன்றே ஒன்று. மனத்தை ஆளும் நிறை, பிறர்பால் கசியும் அருள், உள்ளம் அறியும் உணர்வு ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன. செயலி ஒரு விரலசைவுக்குள் காட்டுவது உருவை மட்டுமே. எஞ்சியவற்றைச் சொல்லில்தான் காட்ட முடியும். அதனால்தான் அந்த மூன்று வரிகள் அற்பமானவை அல்ல.

அகத்திணை நமக்குக் கற்பிக்கும் மற்றொன்றும் உண்டு. களவு மறைவான ஒழுக்கம்தான். எனினும் அது தனிமையான ஒழுக்கம் அன்று. தலைவிக்குத் தோழி இருந்தாள். தலைவனை எளிதில் நெருங்கவிடாமல் அகற்றி நிறுத்தி அவன் உள்ளத்தை ஆராய்ந்தவள் அவள். காலம் கடத்துபவனை வரைந்துகொள்ளுமாறு வற்புறுத்தியவள் அவள். வேண்டிய வேளையில் அறத்தொடு நின்று உண்மையைச் செவிலிக்கு உரைத்தவளும் அவளே. தலைவனுக்கும், இடித்துரைக்கும் பாங்கன் இருந்தான். சேட்படை, வரைவு கடாதல், கழற்றுரை என்று தேர்வுக்காக இவற்றை மனப்பாடம் செய்விக்கிறோமே, இவை எதற்காக ஏற்பட்டவை என்று ஒரு முறையேனும் வகுப்பில் கேட்டோமா? காதல் வயப்பட்டவர்க்குத் தெளிந்த கண்ணுடைய ஒருவர் துணை வேண்டும் என்பதே அவற்றின் உட்பொருள். செயலியில் எல்லாம் இருக்கின்றன; தோழி மட்டும் இல்லை. நாம் ஏசினால், இருக்கக்கூடிய ஒரே தோழமையையும் விரட்டியவர்கள் ஆவோம். ஏசப்படுவோம் என்று அஞ்சுபவள் சேர்ந்ததையும் சொல்லமாட்டாள், ஏமாந்ததையும் சொல்லமாட்டாள். ஏமாற்றுகிறவன் வேண்டுவது அந்த மௌனத்தைத்தான்.

அன்று மாலை நானும் என் மாணவியும் அந்த மூன்று வரிகளை எழுதினோம். அவள் முதலில் எழுதியிருந்தது, "நான் எளிமையானவள், பயணமும் இசையும் பிடிக்கும்" என்பது. "அம்மா, இது யாரைப் பற்றியும் எழுதக்கூடிய வரி அல்லவா? உன்னைப் பற்றி எழுது," என்றேன். நெடுநேரம் யோசித்தாள். பிறகு, சனிக்கிழமைக் காலைகளில் தேக்கா சந்தையில் தாயாருக்கு வாழைப்பூ வாங்குவதையும், அதை ஆய்ந்து முடிப்பதற்குள் பொறுமை இழந்துவிடுவதையும் எழுதினாள். படித்ததும் இருவரும் சிரித்துவிட்டோம். அந்த வரியில் அவள் இருந்தாள். படிக்கும் ஒருவன் கேட்பதற்கு ஒரு கேள்வியும் அதில் இருந்தது. வெறும் "ஹாய்" என்று தொடங்குகிறவனையும், வாழைப்பூவைப் பற்றிக் கேட்டுத் தொடங்குகிறவனையும் அந்த ஒரு வரியே பிரித்துக் காட்டிவிடும். இதனினும் நல்ல கட்டுரைப் பயிற்சி ஏது?

புதிதாய் நுழைவோர்க்குத் தோழி கூறியிருக்கக்கூடியவற்றை நானே கூறிவிடுகிறேன். பதினெட்டு வயது நிறையாதவர்க்கு அங்கு இடமில்லை. வயதைப் பொய்யாக எழுதி நுழையவும் கூடாது. படம் அண்மையில் எடுத்ததாக, முகம் தெளிவாகத் தெரிவதாக இருக்கட்டும். கூட்டத்தோடு நிற்கும் படத்தை முதலில் வைத்தால் நீங்கள் யாரென்றே விளங்காது. வீட்டு எண், பணியிட அட்டை, வாகன எண் ஆகியவை படத்தில் தெரியவே கூடாது. முழுப்பெயரும் வேலையிடமும் முதல் நாளே வேண்டா. சந்திப்பதற்கு முன் ஒரு முறையேனும் முகம் பார்த்து உரையாடுங்கள். முதற்சந்திப்பு, ஆள் நடமாட்டமுள்ள பொது இடத்தில், பகற்பொழுதில் அமையட்டும். எங்கே செல்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒரு நண்பரிடம் சொல்லிச் செல்லுங்கள். போவதும் வருவதும் உங்கள் சொந்த ஏற்பாட்டில் இருக்கட்டும்.

பணம் பற்றிய சொல் எழுந்த அக்கணமே காதல் என்னும் சொல் பொய்த்துவிட்டது என்று கொள்க. ஏமாற்றுக்காரன் எடுத்த எடுப்பில் கடன் கேட்கமாட்டான். செயலியை விட்டு வாட்ஸப்புக்கோ டெலிகிராமுக்கோ விரைவில் அழைப்பான். நாள்தோறும் காலை வணக்கம் சொல்வான். வாரங்கள் கழித்துத் தான் மின்னிலக்க நாணயத்தில் ஈட்டியதைக் காட்டி, "நீயும் சிறிது போட்டுப் பார்" என்பான். சிறிது போட்டால் இலாபம் வந்ததாகத் திரையில் தெரியும். பெரிதாகப் போட்டபின் பணமும் இராது, அவனும் இரான். அந்தரங்கப் படம் கேட்டு வாங்கி, பின்னர் அதனைக் காட்டி மிரட்டுவோரும் உளர். ஐயம் எழுந்தால் சிங்கப்பூரில் 1799 என்னும் எண்ணையும், மலேசியாவில் 997 என்னும் எண்ணையும் அழையுங்கள். பணம் அனுப்பிவிட்டால் உடனே வங்கிக்கும் காவல்துறைக்கும் தெரிவியுங்கள். ஏமாந்தவர் குற்றவாளி அல்லர். வெட்கம் ஏமாற்றியவனுக்கே உரியது.

இளைஞர்களுக்குத் தனியே ஒரு சொல். மறுமொழி வரவில்லை என்பதும் ஒரு மறுமொழியே. பதில் எழுதாதவளுக்கு மீண்டும் மீண்டும் எழுதுவதும், மறுத்தவளை இழித்துரைப்பதும் ஆண்மை ஆகா. நிறை என்று நூல் கூறியது இதனைத்தான்.

இன்னும் ஒன்று. கைப்பேசியிலிருந்து செயலியை அகற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அன்று. அகற்றிய பின்னும் உங்கள் பக்கம் அங்கே நிற்கும், சந்தாவும் தொடரலாம். முதலில் சந்தாவை நிறுத்தி, கணக்கை அழித்து, அதன் பின்னரே செயலியை அகற்ற வேண்டும். நுழைவதற்கு முன்பே வெளியேறும் வழியை அறிந்துகொள்வது அறிவுடைமை.

ஆசிரிய நண்பர்களே! இவை தமிழாசிரியரின் வேலையா என்று நீங்கள் கேட்கக்கூடும். அன்பின் ஐந்திணையை நாற்பது மதிப்பெண்ணுக்குக் கற்பிப்பது நம் வேலை என்றால், அன்பு நிகழும் இடத்தில் ஓர் இளம் உள்ளம் தடுமாறும்போது துணை நிற்பதும் நம் வேலைதான். இல்லையேல் நாம் கற்பிப்பது இலக்கியம் அன்று, பட்டியல்.

மாணவ நண்பர்களே! நீங்கள் நுழைவதை நான் தடுக்கவில்லை. நுழையுமாறு ஏவவும் இல்லை. ஆனால் தனியே நுழையாதீர்கள். நம்பத்தக்க ஒருவரிடம், தோழியோ தமக்கையோ ஆசிரியரோ, ஒருவரிடமேனும் சொல்லிவிட்டு நுழையுங்கள்.

என் மாணவி விடைபெறும்போது, "அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, ஐயா," என்றாள். "நீ சொல்லும்போது நானும் உடன் வருகிறேன்," என்றேன். அறத்தொடு நிற்றல் என்பதன் பொருள் எனக்கே அன்றுதான் முழுமையாக விளங்கிற்று.