பழத்தை விற்போமா, சர்க்கரை நீரை விற்போமா?

கொய்யா மலிந்து விலை சரியும் பருவங்களிலெல்லாம் நம் அங்கத்தினர்களிடையே ஒரு யோசனை தலையெடுப்பது வழக்கம். பழத்தைப் பிழிந்து, புட்டியில் அடைத்து, ‘ஆரோக்கிய பானம்’ என்று பெயரிட்டுச் சங்கமே விற்றால் என்ன என்பதே அது. பயிரிடுவோருக்கு நியாயமான விலையும், நெய்வோர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சத்தும் ஒருங்கே கிட்டும் என்று அன்பர்கள் கூறுகின்றனர். நோக்கம் நல்லதே. ஆயினும் அவ்விரு பயன்களும் இவ்வழியில் கிட்டா என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் பயிரிடுவோரின் கணக்கைப் பார்ப்போம். அப்படியே அருந்துவதற்கென விற்கப்படும் பழ பானத்தில் நூற்றுக்கு 10 பங்கு பழச்சாறு இருந்தால் போதும் என்கிறது சட்டம். எலுமிச்சைக்கு 5 பங்கே போதும். அதாவது, ஒரு லிட்டர் பானத்திற்கு 100 மில்லிலிட்டர் சாறு. எஞ்சியவை பெரும்பாலும் நீரும் சர்க்கரையுமே! ஆயக்குடிச் சந்தையில் கூடை கூடையாகக் கொய்யா வந்து இறங்குவதைக் கண்டவர்கள் இதைச் சிந்தித்தல் வேண்டும். சிறிதளவு பழத்தைக் கொண்டே ஆயிரக்கணக்கான புட்டிகளை நிரப்பிவிடலாமாதலின், தேங்கிய பழம் தேங்கியே கிடக்கும். சங்கத்தின் முதல் சர்க்கரைக்கும் புட்டிக்கும் போய்ச் சேரும்.

இனி, அருந்துவோரின் கணக்கு. 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் ‘சி’ வைட்டமின் உண்டு. ஆரஞ்சில் உள்ளதைவிட இது பன்மடங்கு அதிகம். இச்சத்தின் அருமை நெசவாளர் குடும்பங்களுக்கே மிகுதியும் உரியது எனலாம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். நாம் உண்ணும் கீரையிலும் கேழ்வரகிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. உணவோடு ‘சி’ வைட்டமின் சேருமாயின் அது கூடுதலாக ஏற்கப்படுகிறது. உணவோடு தேநீர் சேருமாயின் தடைபடுகிறது. காலை உணவு முடியுமுன்பே தறிமேடைக்குத் தேநீர் வந்துவிடும் வீடுகள் எத்தனை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, உண்டவுடன் அரைக் கொய்யாவைத் தின்பது செலவு குறைந்த வழி. பழம் மருந்தன்று, சோகை முற்றியவர்கள் மருத்துவரிடம் சென்றே ஆகவேண்டும்.

இதே கொய்யா புட்டிக்குள் சென்றால் என்னாகிறது? வடிகட்டுகையில் நார் போய்விடுகிறது. காய்ச்சும்போதும், பின்னர் நாட்பட வைத்திருக்கும்போதும் ‘சி’ வைட்டமின் குறைகிறது. சர்க்கரையோ ஏறுகிறது. 200 மில்லிலிட்டர் பானத்தில் சுமார் 20 கிராம் சர்க்கரை இருப்பது சாதாரணம். வயது வந்த ஒருவர் ஒரு நாளில் 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நலம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் கூறிய ஆலோசனை. சர்க்கரையே சேர்க்காத சாற்றின் இனிப்பையும் அந்நிறுவனம் இக்கணக்கில்தான் சேர்க்கிறது. முழுப் பழத்தின் இனிப்பைச் சேர்ப்பதில்லை. நாள் முழுதும் தறிக்குழியில் அமர்ந்திருப்பவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

‘ஆரோக்கிய பானம்’ என்னும் பெயரும் நிலைக்கக் கூடியதன்று. சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை எனக் கூறி, 2024 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இணையவழி வணிகர்களை அத்தலைப்பின் கீழ்ப் பானங்களை விற்க வேண்டாமென்றது. அதே ஆண்டு ஜூனில், செறிவூட்டிய சாற்றில் நீர் கலந்து விற்போர் ‘நூறு சதவீதப் பழச்சாறு’ என்று அச்சிடுவதையும் நீக்கச் சொன்னது. பெரிய கம்பெனிகள் கழற்ற நேர்ந்த சட்டையை நாம் எடுத்து அணிவானேன்? (நெல்லிப் பானப் புட்டிகளில் ஔவையின் படத்தை அச்சிடுவோரும் உளர். அதியமான் அளித்தது கனியே, சர்க்கரைப் பாகன்று.)

பழம் சில நாட்களில் அழுகிவிடுமே என்று கேட்பது நியாயமான கேள்வி. பதனிடும் தொழிலே கூடாது என்று நாம் கூறவில்லை. உப்பிலிட்ட நெல்லி, நெல்லி வற்றல், சர்க்கரை சேராத கொய்யாக்கூழ் ஆகியவற்றில் பழமே பெரும்பங்கு; ஆதலால் பயிரிட்டவனின் சரக்கு உண்மையிலேயே செலவாகும். உப்பிலிட்டதை மட்டும் இரத்தக் கொதிப்பு உடையவர்கள் அளவோடு கொள்ள வேண்டும். பானம் செய்தே தீரவேண்டுமெனில், பழத்தின் பங்கையும் சர்க்கரையின் கிராம் கணக்கையும் புட்டியின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சிடுவதாகப் பேரவையில் முதலில் தீர்மானம் நிறைவேற்றட்டும்.

அதற்கு முன்னதாக எளியதொன்றைச் செய்து பார்க்கலாம். கொய்யா விளையும் ஆயக்குடியும், தறிகள் ஒலிக்கும் சின்னாளபட்டியும் ஒரே திண்டுக்கல் மாவட்டத்தில்தான் உள்ளன. இத்தகைய அண்மை வேறு இடங்களிலும் உண்டு. நெய்த சேலையை ஒப்படைத்து நூல் பெற்றுச்செல்ல நெசவாளர்கள் சங்கத்திற்கு வரும் நாட்களில், பயிரிடுவோர் சங்கத்தின் பழக்கூடைகள் அங்கே இருக்கட்டும். தரகு இல்லாமையால் விலை இருபாலாருக்கும் கட்டும். அழுகும் பழத்தின் நஷ்டம் யாரைச் சார்வது என்பது ஒன்றே பேசித் தீர்க்க வேண்டியது. இரு சங்கங்களும் அதைப் பாதி பாதியாக ஏற்பது முறை எனக் கருதுகிறோம்.